மலையையும் மாநகரையும் படமெடுக்க எந்த லென்ஸ்?

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் வடக்கு நோக்கி நின்றால் ஊரின் கூரைகளுக்கு அப்பால் காவிரி தெரியும். காவிரிக்கு அப்பால் தென்னந்தோப்புகள். தோப்புகளுக்கு மேலே திருவரங்கத்து இராசகோபுரம். 1987-ஆம் ஆண்டு கட்டி முடித்துக் குடமுழுக்குச் செய்யப்பெற்ற அக்கோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர் உயரம் உடையது. வெறுங்கண்ணுக்கு அது கம்பீரமாகவே தோன்றுகின்றது. ஆனால் கேமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண லென்ஸால் எடுத்துப் பார்த்தால், படத்தின் நடுவில் தீக்குச்சி முனைபோல ஏதோ ஒன்று நிற்கும். இதையா நாம் அவ்வளவு நேரம் நின்று பார்த்தோம் என்று நமக்கே ஐயம் வந்துவிடும்.

இந்த ஏமாற்றமே பலரைத் தொலைப்பட லென்ஸ் வாங்கத் தூண்டுகின்றது. என்னையும் தூண்டியது. கல்யாண வீடுகளில் படமெடுப்பவர் ஒருவருக்கு விடுமுறை நாள்களில் விளக்குப் பிடிக்கச் சென்று சேர்த்த பணத்தில், பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில் 75-300 ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். கைநடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு அதில் இல்லை. ஒரு சித்திரை மாத நண்பகலில் மலைக்கோட்டை ஏறி நாற்பது படங்கள் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. லென்ஸ் மட்டமானது என்று முடிவு கட்டினேன். அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, எஃப்/2.8 துவாரம் உள்ள பெரிய 70-200 லென்ஸ் வாங்குவது என்றும், போதாத பணத்திற்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைப்பது என்றும் வீட்டில் பேச்சு முடிந்தது. அம்மா சங்கிலியைக் கழற்றியும் வைத்துவிட்டார்.

அந்நிலையில் எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் படங்களைப் பார்த்தார். "ஏம்பா, பிழை லென்ஸில்தான் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? கை, காற்று, கண்ணாடி மூன்றும் சேர்ந்துதானே இந்தப் படத்தை எடுத்திருக்கின்றன? சோதனைக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே மாற்றிப் பார்ப்போம்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியபோது கற்றவற்றையே இங்கு எழுதுகின்றேன். நம் கல்லூரியில் கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இதே வாசலில் நிற்பதை அறிவேன்.

பிம்பம் எவ்வளவு பெரியது?

தொலைவில் உள்ள ஒரு பொருளின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை அறிய மேனிலைப்பள்ளிப் பாடமே போதும். பொருளின் உயரத்தைத் தொலைவால் வகுத்து, லென்ஸின் குவியத் தொலைவால் பெருக்கினால் பிம்பத்தின் உயரம் கிடைக்கும். மலைக்கோட்டைக்கும் இராசகோபுரத்திற்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். கணக்குக்காக 3200 மீட்டர் என்று கொள்வோம். 72-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.0225. ஆகவே 50 மில்லிமீட்டர் லென்ஸில் கோபுரத்தின் பிம்பம் 1.1 மில்லிமீட்டர், 200-இல் 4.5, 300-இல் 6.75, 400-இல் 9 மில்லிமீட்டர்.

இப்பிம்பம் விழும் சென்சாரின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவே உள்ள முழுச்சட்ட சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். மாணவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் ஏ.பி.எஸ்.-சி வகைச் சென்சாரின் உயரம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். 300 மி.மீ. லென்ஸில் விழும் அதே 6.75 மில்லிமீட்டர் கோபுரம், முன்னதில் படத்தின் உயரத்தில் கால் பங்குக்குச் சற்று மேலும், பின்னதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் இடம்பெறும். சிறிய சென்சாரில் லென்ஸின் "வீச்சு" ஒன்றரை மடங்காகக் கூடுகின்றது என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் லென்ஸ் ஒன்றும் கூடவில்லை, சட்டம்தான் சுருங்கிற்று. ஆயினும் நம் பைக்கு இது நன்மையே. முழுச்சட்டக் கேமராவுக்கு 400 மி.மீ. தேடும் இடத்தில் நமக்கு 250 போதும்.

அப்படியானால் ஜூம் எதற்கு, 300 மி.மீ. நிலைக்குவிய லென்ஸ் ஒன்றை வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதே உச்சியில் நின்று கீழே பாருங்கள். அடிவாரத்தில் தெப்பக்குளம், சற்றுத் தள்ளி லூர்து மாதா கோயிலின் கூர்நுனிக் கோபுரம். இவை சில நூறு மீட்டர் தொலைவில் உள்ளவை. குளம் முழுவதும் சட்டத்திற்குள் அடங்க 55 அல்லது 70 வேண்டும். திருவரங்கத்திற்கு 300 வேண்டும். சமவெளியில் என்றால் நான்கு அடி முன்னே வைத்தோ பின்னே வைத்தோ சரி செய்துகொள்ளலாம். பாறையின் உச்சியில் முன்னே வைக்க அடி ஏது? மலை முகட்டிலும் மாடியிலும் நிற்பவனுக்குக் கால் செய்ய வேண்டிய வேலையை ஜூம் வளையம் செய்கின்றது.

குவிவில்லையும் குழிவில்லையும்

இயற்பியல் மாணவர்க்கு மட்டும் சிறிது. மற்றவர்கள் இப்பகுதியைத் தாண்டிப் போகலாம், குடி முழுகாது.

300 மி.மீ. குவியத் தொலைவு உள்ள லென்ஸ் 300 மி.மீ. நீளம் இருக்க வேண்டும் என்பது இல்லை. முன்னே குவிவில்லைத் தொகுதி, பின்னே குழிவில்லைத் தொகுதி என அமைத்தால் குழல் குறுகும். 1891-இல் இங்கிலாந்தில் தாமஸ் டால்மையரும், ஜெர்மனியில் மீதேயும் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே கண்ட வழி இது. எடுத்துக்காட்டாக, முன்வில்லையின் குவியத் தொலைவு 100 மி.மீ., பின்வில்லையினது குறை 50 மி.மீ., இடைவெளி 70 மி.மீ. என்க. நாம் அறிந்த கூட்டு லென்ஸ் சமன்பாட்டில் இட்டால் தொகுபயன் குவியத் தொலைவு 250 மி.மீ. வரும். பின்வில்லையிலிருந்து பிம்பம் 75 மி.மீ. தொலைவில் விழும். ஆக மொத்த நீளம் 145 மட்டுமே.

இப்போது இடைவெளியை 80 ஆக்கிப் பாருங்கள். குவியத் தொலைவு 167-ஆகக் குறைகின்றது. பிம்பம் 33-இல் விழுகின்றது. மொத்த நீளம் 113. இதுவே ஜூம். இரு தொகுதிகளுக்கும் இடையே உள்ள தூரம் மாறினால் உருப்பெருக்கம் மாறும். பிம்பம் சென்சாரை விட்டு விலகாதிருக்க இரண்டும் சேர்ந்து நகர வேண்டும். மலிவான ஜூம் லென்ஸ் நீளக் குவியத்திற்குத் திருப்பும்போது ஏன் முன்னே துருத்திக்கொண்டு வருகின்றது என்பதும் இதனால் விளங்கும். நிழற்படக் கேமராக்களுக்கான ஜூம் 1959-இல்தான் கடைக்கு வந்தது. அவ்வாண்டு ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் 36-82 மி.மீ. ஜூமர் லென்ஸையும், நிக்கான் 85-250 மி.மீ. தொலைப்பட ஜூமையும் வெளியிட்டன. நகரும் உறுப்புகள் மிகுந்தால் அவை ஓர் அச்சில் நிற்பது கடினம். பழைய லென்ஸ் வாங்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நெருக்கம் எங்கிருந்து வருகின்றது?

தொலைப்பட லென்ஸ் தூரங்களை நெருக்கி, முன்னும் பின்னும் உள்ளவற்றை அடுக்கிக் காட்டும் என்று நூல்களில் படிக்கின்றோம். அடுக்கு தோன்றுவது உண்மை. அதைச் செய்வது லென்ஸ் என்பது பிழை. அதைச் செய்வது நாம் நிற்கும் இடம்.

ஒரு பெரிய கோபுரமும், அதற்கு 200 மீட்டர் பின்னால் அதில் பாதி உயரமுள்ள இன்னொரு கோபுரமும் இருப்பதாகக் கொள்வோம். முன்கோபுரத்திலிருந்து 100 மீட்டரில் நிற்பவனுக்குப் பின்கோபுரம் முன்னதில் ஆறில் ஒரு பங்கு உயரமாகவே தோன்றும். அவனே 3200 மீட்டர் தள்ளிப் போனால் அது ஏறத்தாழப் பாதியாகவே, அதாவது தன் உண்மையான விகிதத்திலேயே தோன்றும். எந்த லென்ஸ் மாட்டினாலும் இந்த விகிதம் மாறாது. சாதாரண லென்ஸால் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினாலும் இதே அடுக்கு வரும், துல்லியம்தான் இராது. திருவரங்கத்தில் தெற்கிலிருந்து வடக்காக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் கோபுரங்கள் மலைக்கோட்டையிலிருந்து ஒரே கொத்தாகத் தெரிவதன் காரணம் இதுவே.

இதை நன்கு உணர்ந்து நகரத்தைப் படமெடுத்தவர் ஆண்ட்ரியாஸ் ஃபைனிங்கர். கட்டடக்கலை பயின்றவர், 1939-இல் நியூயார்க் வந்து, 1943 முதல் 1962 வரை 'லைஃப்' இதழின் படக்கலைஞராகப் பணியாற்றியவர். தொலைப்படக் கேமராக்களைத் தாமே கட்டிக்கொண்டு, ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூஜெர்சிக் கரைக்குப் போய், அங்கிருந்து மன்ஹாட்டனை எடுத்தார். தெருவில் நின்று அண்ணாந்து எடுத்தால் பக்கத்துக் கட்டடம் எம்பயர் ஸ்டேட்டை மறைத்துவிடும். ஆற்றுக்கு அப்பால் போனால் 381 மீட்டர் உயரமுள்ள அக்கட்டடம் மற்றவற்றை விட எவ்வளவு ஓங்கி நிற்கின்றது என்பது உள்ளபடி தெரியும். நகரத்தை எடுப்பவன் முதலில் தேட வேண்டியது அந்த அக்கரையை. அது கிடைத்தபின் அதற்கேற்ற லென்ஸ்.

மூன்று சோதனைகள்

இனி ஆசிரியர் சொன்ன பிரிப்பு வேலைக்கு வருவோம். முதற் சோதனை என்னிடம் ஏற்கெனவே இருந்தது: சித்திரை நண்பகல், கையில் பிடித்து எடுத்த நாற்பது படங்கள்.

இரண்டாம் சோதனைக்கு அதே நண்பகலில் மீண்டும் ஏறினேன். கையை மட்டும் விலக்க வேண்டும். உச்சியில் கூட்டத்திற்கு நடுவே முக்காலியை விரித்து வைக்க வழியில்லை. அங்குள்ளவர்களைக் கேட்டு, கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு பை வைத்துக்கொண்டேன். பாட்டி பல்லாங்குழிக்குச் சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகளைத் துணிப்பையில் கட்டி எடுத்துப் போயிருந்தேன். லென்ஸை அதில் அமிழ வைத்து, பொத்தானை அழுத்தியபின் இரண்டு வினாடி கழித்துத் தானாகப் படமெடுக்கும்படி வைத்தேன். மங்கல் பெரும்பகுதி போய்விட்டது! ஆனால் வேறொன்று தெரிந்தது. கோபுரத்தின் விளிம்பு அரம்போல் நெளிந்திருந்தது. கலசங்கள் ஒரு படத்தில் கோணலாகவும் அடுத்த படத்தில் நேராகவும் இருந்தன. லென்ஸின் குறை என்றால் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா?

மூன்றாம் சோதனை விடியற்காலையில். அதே லென்ஸ், அதே பை, அதே சுவர். கோபுரத்தின் நிலைகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. நிலைகளில் உள்ள சுதைச் சிற்பங்களைப் பிரித்தறிய முடிந்தது. 300 மி.மீ. முனையில், துவாரத்தை முழுதும் திறந்த நிலையில், வெள்ளை விளிம்புகளில் ஊதா நிறக் கோடு ஒன்று ஓடிற்று. அது நிறப்பிறழ்ச்சி, அது மட்டுமே கண்ணாடியின் குற்றம். துவாரத்தை எஃப்/8 அல்லது எஃப்/11-க்குச் சுருக்கி, ஜூமையும் 250-க்கு இழுத்துக்கொண்டதும் அதுவும் பெரிதும் குறைந்தது. அன்று மாலை சங்கிலி மீண்டும் அம்மாவின் கழுத்துக்குப் போயிற்று.

கையின் பங்கைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 24 மெகாபிக்சல் சிறிய சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 3.7 மைக்ரான். கேமரா ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு அசைந்தது என்று வைத்துக்கொள்வோம். 18 மி.மீ. லென்ஸில் இவ்வசைவு ஒரு பிக்சலுக்கும் குறைவு, யாரும் அறியார். 300 மி.மீ. லென்ஸில் அது பதினான்கு பிக்சல்! படமெடுக்கும் நேரம் குவியத் தொலைவின் தலைகீழ் எண்ணைவிட நீளக்கூடாது என்ற பழைய விதி இதிலிருந்து பிறந்ததே. சிறிய சென்சாருக்கு ஒன்றரை மடங்கு சேர்த்து, 300-க்கு வினாடியில் 450-இல் ஒரு பங்காவது வேண்டும். நடுக்கத் தடுப்பு அமைப்புள்ள லென்ஸ்கள் இதில் மூன்று நான்கு படிகளை மீட்டுத் தருகின்றன. அதாவது எட்டு முதல் பதினாறு மடங்கு நேரம் கிடைக்கின்றது. புதிதாக வாங்குவோர் இவ்வமைப்பு இல்லாத தொலைப்பட லென்ஸை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டா என்பேன். முக்காலியில் அல்லது பையில் வைக்கும்போது மட்டும் அதை நிறுத்திவிடுவது பல பழைய லென்ஸ்களுக்கு நல்லது.

காற்றின் பங்கு இன்னும் நுட்பமானது. காற்றின் ஒளிவிலகல் எண் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு மாறும். மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் ஒளி மூன்று கிலோமீட்டர் நடந்து வருகின்றது. மலைக்கோட்டைக்கும் திருவரங்கத்திற்கும் நடுவே இருப்பது காவிரி. சித்திரையில் அது ஆறு அன்று, மணல். நண்பகலில் அம்மணலிலிருந்தும் ஊரின் தளங்களிலிருந்தும் எழும் சூடான காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றும் ஒரு மட்டமான லென்ஸைப்போல ஒளியை வளைக்கின்றன. 300 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் கோபுரத்தில் நான்கு சென்டிமீட்டரைக் குறிக்கும். அந்த நான்கு சென்டிமீட்டரைக் கலைக்கக் கானல் காற்றுக்கு வெகு சிறிய முயற்சியே போதும். எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் இதற்கு முன் ஒன்றும் செய்ய இயலாது. விலைப்பட்டியலில் இந்தச் செய்தியை எவரும் அச்சிடுவதில்லை!

மலைகளுக்குக் கானலைவிட மூட்டமே பெரிய தடை. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் என்பது ராலேயின் விதி. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகின்றது. கொடைக்கானலில் 7000 அடி உயரத்தில், கோக்கர்ஸ் நடைபாதையில் நின்று பார்த்தால் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, பின்னே போகப் போக வெளிறிய நீலமாகத் தோன்றுவது இதனால்தான். இந்த நீலம் கேடு அன்று. தொலைப்பட லென்ஸுக்கு அதைவிடச் சிறந்த பொருளே இல்லை. ஏழெட்டு முகடுகளை மட்டும் சட்டத்திற்குள் பிடித்து, வானத்தையும் அருகிலுள்ள செடிகொடிகளையும் விலக்கிவிட்டால், மை கரைத்துத் தீட்டியதுபோல வரும். ஆனால் தூசியும் புகையும் கலந்த வெள்ளை மூட்டம் வேறு. அதன் துகள்கள் பெரியவை. எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். அதற்கு வடிகட்டி ஏதும் இல்லை. சூரியனுக்குச் செங்குத்தான திசையில் நோக்கும்போது தளவாக்கி வடிகட்டி நீல மூட்டத்தைச் சிறிது குறைக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மறுநாள் காலை அதனினும் மேலாகக் குறைக்கும்.

துவாரமும் எடையும்

இனி நான் அடகு வைக்க இருந்த எஃப்/2.8 லென்ஸைப் பற்றி. எஃப் எண் என்பது குவியத் தொலைவைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்த ஈவு. 200 மி.மீ. லென்ஸ் எஃப்/2.8 ஆக 71 மி.மீ. விட்டம் வேண்டும்; எஃப்/4 ஆக 50 மி.மீ. போதும். விட்டம் கூடினால் கண்ணாடியின் பருமனும் கூடும். ஒரே நிறுவனத்தின் லென்ஸ்களை ஒப்பிடுவோம். கேனன் 2018-இல் வெளியிட்ட 70-200 எஃப்/2.8 மூன்றாம் பதிப்பு 1480 கிராம். அதே ஆண்டு வெளியிட்ட 70-200 எஃப்/4 இரண்டாம் பதிப்பு 780 கிராம். சிறிய சென்சாருக்காக 2013-இல் வந்த 55-250 எஃப்/4-5.6 லென்ஸ் 375 கிராம். மிர்ரர்லெஸ் கேமராக்களுக்கு வந்த புதியவற்றில் எடை குறைந்துள்ளது, அங்கும் எஃப்/2.8 லென்ஸ் 1070 கிராம், எஃப்/4 லென்ஸ் 695 கிராம்.

கூடுதல் எடையைச் சுமப்பதால் நமக்குக் கிடைப்பது என்ன? எஃப்/5.6-ஐ விட நான்கு மடங்கு ஒளி. மேடையில் ஆடுபவரை, ஓடுகளத்தில் ஓடுபவரை எடுப்பவர்க்கு அது உயிர்நாடி. ஆனால் கோபுரம் ஓடுவதில்லை, முகடும் ஓடுவதில்லை. முக்காலியில் வைத்தபின் அறுபதில் ஒரு வினாடியானால் என்ன, பதினைந்தில் ஒரு வினாடியானால் என்ன? தென்னங்கீற்று அசையும் காற்று நாளில் மட்டும் வேறுபாடு தெரியும். மேலும், எஃப்/2.8 வைத்திருப்பவரும் இத்தகைய படங்களுக்குத் துவாரத்தை எஃப்/8-க்கே சுருக்குகின்றார். முழுச்சட்டக் கேமராவில் 200 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் 167 மீட்டரில் குவியப்படுத்தினால், 83 மீட்டர் முதல் அடிவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதற்கும் மேல் எஃப்/22 வரை சுருக்கினால் விளிம்பு விளைவு தலைகாட்டும். ஒரு புள்ளி ஒளி எஃப்/8-இல் 11 மைக்ரான் வட்டமாக விழுவது எஃப்/22-இல் 30 மைக்ரானாகப் பரவும். எட்டுப் பிக்சல் அகலத்திற்குச் சாயம் ஊறினாற்போல.

ஆகவே என் கருத்து வெளிப்படை. சிறிய சென்சார் உள்ளவர்க்கு, நடுக்கத் தடுப்புள்ள 55-250 அல்லது 70-300 எஃப்/4-5.6 வகை முற்றிலும் போதும். முழுச்சட்டக் கேமராவும் சற்று வசதியும் உள்ளவர் 70-200 எஃப்/4 வாங்கலாம். இக்காட்சிகளுக்கென்றே செய்ததுபோன்ற லென்ஸ் அது. தொலைமுகடுகளிலேயே மனம் செல்பவர்க்கு 100-400 உண்டு. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை படியேறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். ஏனெனில் வீட்டு அலமாரியில் உள்ள லென்ஸால் படமெடுக்க முடியாது. மிச்சமாகும் பணத்தில் உறுதியான முக்காலி வாங்கலாம். மீதி பேருந்துக் கட்டணத்திற்கு ஆகும். கூட்டி மாட்டும் டெலிகன்வர்ட்டர் நமக்கு வேண்டா. இரு மடங்கு கன்வர்ட்டர் எஃப்/5.6-ஐ எஃப்/11 ஆக்கிவிடும். தானாகக் குவியும் ஆற்றல் தடுமாறும். அதைவிட நடுப்பகுதியை வெட்டிக்கொள்வது மேல். 24 மெகாபிக்சல் படத்தை நீள அகலங்களில் பாதியாக வெட்டினாலும் 3000-க்கு 2000 பிக்சல் எஞ்சும்; அங்குலத்திற்கு 300 புள்ளி என அச்சிட்டால் பத்து அங்குல அகலம் வரும். இம்மலரின் பக்கத்திற்கு அது தாராளம்.

கடையில் பார்க்க வேண்டியவை

நம்மில் பலர் பழையதே வாங்குவோம். வாங்குமுன் லென்ஸின் பின்புறத்திலிருந்து கைவிளக்கைச் சாய்வாக அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி வலைபோலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. நம் ஈரக் காற்றில் மிகுதி. விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டொரு தூசிகளுக்கு அஞ்ச வேண்டா. லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் குழல் தானே வழுக்கி இறங்குகின்றதா என்று பாருங்கள்; கீழ்நோக்கிச் சாய்த்து எடுக்கும்போது அது தொல்லை தரும்.

அச்சு விலகியுள்ளதா என்பதை அறிவது முக்கியம். முன்பு சொன்ன நகரும் தொகுதிகளின் வினை இது. கடை வாசலில் நின்று, வெகு தொலைவில் உள்ள ஒரு கைபேசிக் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ தேர்ந்துகொள்ளுங்கள். அதைச் சட்டத்தின் இடப்பக்கத்தில் வைத்து ஒன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று எனத் துவாரம் முழுதும் திறந்து மூன்று படங்கள் எடுங்கள். இரு ஓரங்களும் நடுவை விடச் சற்று மங்கலாக இருப்பது இயல்பு. ஓர் ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் கலங்கியும் இருந்தால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். நீளக் குவியத்திலும் குறுங்குவியத்திலும் இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். காலையில் போங்கள், நண்பகலில் செய்தால் காற்றின் குற்றத்தை லென்ஸின் தலையில் சுமத்திவிடுவீர்கள். வாங்கியபின் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்துக்கொள்ளுங்கள். தோல் பையில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து.

கோபுரத்தின் பின்னே முழுநிலா எழுவதை எடுக்க வேண்டும் என்பது தொலைப்பட லென்ஸ் வாங்கிய எவர்க்கும் முதலில் தோன்றும் ஆசை. மலைக்கோட்டையிலிருந்து திருவரங்கத்தை அவ்வாறு எடுக்க முடியாது. நிலா வடக்கில் உதிப்பதில்லையே! மலைக்கோட்டையையே எடுக்கலாம், அதற்கு மேற்கே போய் நிற்க வேண்டும். எவ்வளவு மேற்கே என்பதற்கும் அதே வகுத்தல் கணக்குத்தான். நிலா நம் கண்ணில் அடைக்கும் கோணம் அரைப் பாகை; மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர் உயரம். பாறையின் உயரமும் நிலாவின் விட்டமும் ஒன்றாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்விடத்திலிருந்து 300 மி.மீ. லென்ஸில் பாறையும் நிலாவும் தனித்தனியே 2.7 மில்லிமீட்டர் உயரம் விழும். நிலா உதிக்கும் திசை மாதந்தோறும் தெற்கும் வடக்குமாக நகர்வதால் நிற்கும் இடமும் நகரும். நானும் இரு நண்பர்களும் மூன்று பௌர்ணமிகளாக மிதிவண்டியில் தேடி வருகின்றோம். தென்னை மறைக்காத இடம் இன்னும் அகப்படவில்லை.